பழைய பிக்கப்பின் உட்புறத்தைப் புதுப்பித்த பிறகு பேட்டரி இறங்கிவிடுகிறது: உதவி தேவை

மண்சாலை எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். என்னுடைய பழைய பிக்கப்பின் உட்புறம் முழுவதையும் நானே புதுப்பித்து முடித்திருக்கிறேன். தரைக்கு ஒலித்தடுப்புத் தாள் ஒட்டிப் புதிய கார்பெட் விரித்தேன். இருக்கை உறைகளையும் கூரைத் துணியையும் மாற்றினேன். டேஷ்போர்டைக் கழற்றிச் சுத்தம் செய்து புதிய ஸ்டீரியோவும் கதவுகளில் ஸ்பீக்கர்களும் பொருத்தினேன். வேலை தொடங்கும் முன் எந்தக் குறையும் இல்லாமல் ஓடிய வண்டி, இப்போது காலையில் செல்ஃப் எடுக்க மறுக்கிறது. பேட்டரி புதியது. சார்ஜரில் போட்டு ஏற்றினால் ஸ்டார்ட் ஆகிறது, ஓரிரு நாளில் மறுபடியும் அதே நிலை. வண்டி அவசரமாகத் தேவைப்படுவதால் எங்கே பார்க்க வேண்டும் என்று விரைவாகச் சொல்லுங்கள்.

நட்டும்போல்ட்டும் எழுதியது:
வண்டி எந்த ஆண்டைச் சேர்ந்தது, பெட்ரோலா டீசலா என்று நீங்கள் சொல்லவில்லை. எஞ்சினை நிறுத்தி சில மணி நேரம் கழித்து பேட்டரி முனைகளில் எத்தனை வோல்ட் காட்டுகிறது, எஞ்சின் ஓடும்போது எத்தனை காட்டுகிறது என்ற இரண்டு அளவுகளும் வேண்டும். முழுதாக ஏறிய பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவிலும், எஞ்சின் ஓடும்போது பேட்டரியை ஏற்றும் மின் உற்பத்திக் கருவியான ஆல்டர்னேட்டர் ஒழுங்காக வேலை செய்யும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வரையிலும் இருக்க வேண்டும். இவை இல்லாமல் சொல்லப்படும் எதுவும் ஊகமாகத்தான் இருக்கும்.

மின்கம்பி எழுதியது:
ஊகம் எதுவும் தேவையில்லை, ஸ்டீரியோதான் காரணம். மஞ்சள் கம்பி நினைவகத்துக்காக எப்போதும் 12 வோல்ட் பெறுவது. சிவப்புக் கம்பி சாவி திரும்பும்போது மட்டும் பெறுவது. பழைய வண்டிகளில் சாவி வழியாக வரும் இணைப்பைத் தேடச் சோம்பல்பட்டு இரண்டையும் ஒன்றாக முறுக்கிவிடுகிறவர்கள் ஏராளம். அப்படிச் செய்தால் திரை அணைந்த பிறகும் உள்ளே ஒரு பகுதி விழித்துக்கொண்டே இருக்கும், பேட்டரி வடிந்துகொண்டே இருக்கும். ஸ்பீக்கர்களின் எதிர்முனைகளைப் பழைய முறைப்படி வண்டியின் உடலோடு சேர்த்திருந்தால் அதையும் உடனே பிரியுங்கள். இன்றைய ஸ்டீரியோக்களின் வெளியீடு அதைத் தாங்காது.

மூத்தமெக்கானிக் எழுதியது:
இதே கேள்வியை நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். வயரிங் படத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காதவர்கள் டேஷ்போர்டைக் கழற்றுவதும், பிறகு இங்கே வந்து அவசரம் என்று எழுதுவதும் வழக்கமாகிவிட்டது. மல்டிமீட்டரைக் கையில் எடுக்கத் தெரியாதவர் கார்பெட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. என் அனுபவத்தில் இது ஆல்டர்னேட்டரின் பிரஷ், அதாவது உள்ளே சுழலும் சுருளுக்கு மின்சாரம் கடத்தும் கரித்துண்டு, தேய்ந்த கேஸ். கழற்றிப் பாருங்கள்.

இரும்புத்தளம் எழுதியது:
பிரஷ் சரியாக உட்புற வேலை முடிந்த வாரத்தில் தேய்ந்ததாக நம்புவது எனக்குக் கடினமாக இருக்கிறது. இருக்கையைத் திரும்பப் பொருத்தும்போது, கார்பெட்டுக்கு அடியில் பின்விளக்குக்குப் போகும் கம்பிக்கட்டின் மேல் போல்ட் இறங்கி, மேலுறை நசுங்கி எர்த் ஆகியிருக்கலாம். புதிய கார்பெட்டும் தாளும் சேர்ந்து தரையின் கனத்தைக் கூட்டிவிடுவதால் பழைய இடத்தில் கம்பி அடங்குவதில்லை. கதவோரப் பட்டைகளின் திருகுகளையும் பாருங்கள்.

மண்சாலை எழுதியது:
1980களின் இறுதியில் வந்த டீசல் வண்டி. ஓய்வில் 12.1 வோல்ட் காட்டுகிறது. எஞ்சின் ஓடும்போது இன்னும் அளக்கவில்லை. சிவப்பும் மஞ்சளும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன. ஸ்டீரியோவின் ஃபியூஸைக் கழற்றி வைத்தும் பார்த்துவிட்டேன், மாற்றமில்லை. நெடுஞ்சாலையில் தொலைவாகப் போய்வந்தால் மறுநாள் சிக்கல் வருவதில்லை. ஊருக்குள் மெதுவாக ஓட்டினால்தான் வருகிறது.

நட்டும்போல்ட்டும் எழுதியது:
உங்கள் கடைசி வாக்கியத்தை முதலிலேயே எழுதியிருந்தால் பாதி மறுமொழிகள் மிச்சமாகியிருக்கும். நிறுத்தி வைத்த வண்டியில் மின்சாரம் வடிகிறது என்றால், முந்தைய நாள் எங்கே ஓட்டினீர்கள் என்பதால் இவ்வளவு வேறுபாடு வராது. இருந்தாலும் அதை விலக்கிவிடுவோம். பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, கேபிளுக்கும் முனைக்கும் இடையே தொடராக இணையுங்கள். அந்த நிலையில் எக்காரணம் கொண்டும் செல்ஃப் அடிக்காதீர்கள், ஸ்டார்ட் செய்யும் முன் டீசல் எஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கையும் போடாதீர்கள். 50 மில்லி ஆம்பியர் வடிந்தால்கூட ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணிதான். 70 ஆம்பியர் மணி பேட்டரி பாதியாக ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். அதற்குக் குறைவாகக் காட்டினால் வடிவதைத் தேடுவதை விட்டுவிடலாம். அடுத்து, ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது, பேட்டரி வோல்டேஜைப் பாருங்கள், பிறகு ஆக்சிலரேட்டரை நன்றாக மிதித்துவிட்டு மறுபடியும் பாருங்கள். டேஷ்போர்டைக் கழற்றியபோது மீட்டர் பலகையில் ஏதாவது மாற்றினீர்களா என்பதையும் சொல்லுங்கள்.

அமைதிவண்டி எழுதியது:
இடையில் ஒரு கேள்வி. ஒலித்தடுப்புத் தாளைத் தரை முழுவதும் ஒட்டினீர்களா? பியூட்டைல் ரப்பரும் அலுமினியமும் சேர்ந்த தாள், தகட்டின் அதிர்வை அடக்குவதற்கானது. அகன்ற தகட்டின் நடுப்பகுதியில் கால் பங்கு ஒட்டினாலே அந்த வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். மூலை முடுக்கெல்லாம் ஒட்டுவது வண்டியின் எடையைத்தான் கூட்டும். எஞ்சினின் இரைச்சல் காற்று வழியாக உள்ளே வருவதைத் தடுக்க, கனமான வினைல் விரிப்பும் அதற்கடியில் மூடிய துளைகள் கொண்ட நுரையும் வேண்டும். தார் கலந்த கூரைத் தாளை மட்டும் யாரும் பயன்படுத்த வேண்டாம். வெயிலில் இளகி நாற்றமடிக்கும், கூரையிலும் கதவிலும் ஒட்டியது கழன்று தொங்கும்.

இரும்புத்தளம் எழுதியது:
கால் பங்கு என்பது கதவுத் தகட்டுக்குப் பொருந்தும். பழைய டீசல் பிக்கப்பில் எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள சுவரையும், கால் வைக்கும் சரிவையும் முழுதாக மூடாமல் பயனில்லை. ஆனால் அதைவிட முக்கியம், ஒட்டும் முன் தரையில் துரு இருந்ததா என்பதுதான். கண்ணாடி ரப்பரிலிருந்தோ ஹீட்டரிலிருந்தோ நீர் கசியும் வண்டியில் தாளை ஒட்டினால், ஓரத்தில் புகுந்த ஈரம் காய வழியில்லாமல் அடியிலேயே தங்கித் தகட்டைத் தின்றுவிடும். அதற்கு மேல் சணல் விரிப்பு போட்டால் கேட்கவே வேண்டாம்.

அமைதிவண்டி எழுதியது:
சுத்தமான தகட்டில் சரியாக உருட்டி ஒட்டிய பியூட்டைலுக்கு அடியில் ஈரம் புகாது. கசிவை அடைக்காமல் கார்பெட் விரித்தவர் தாளைக் குறைசொல்வது நியாயமில்லை. சுவரை முழுதாக மூட வேண்டும் என்பதை ஏற்கிறேன், ஆனால் அது வினைல் விரிப்பின் வேலை, தாளின் வேலை அல்ல.

மூத்தமெக்கானிக் எழுதியது:
செல்ஃப் எடுக்காத வண்டிக்குக் கார்பெட் ஆராய்ச்சி நடக்கிறது. நடத்துங்கள்.

மண்சாலை எழுதியது:
வடிவது 15 மில்லி ஆம்பியர். ஐடிலில் 12.0 வோல்ட். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் திடீரென்று 14.2க்கு ஏறியது, காலை எடுத்த பிறகும் அங்கேயே நிற்கிறது. மீட்டர் பலகையில் எல்லா பல்புகளையும் எல்இடியாக மாற்றினேன்.

நட்டும்போல்ட்டும் எழுதியது:
விடை அதுதான். பேட்டரிப் படம் போட்ட சார்ஜ் விளக்கின் இடத்திலும் எல்இடி போட்டிருப்பீர்கள். அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் அந்த விளக்கு வெறும் அறிவிப்பு அல்ல. சாவியைத் திருப்பியதும் மின்சாரம் அந்த பல்பின் இழை வழியாகத்தான் ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் பகுதியான ரோட்டாரின் சுருளுக்குப் போய், அதில் முதல் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. வறண்ட கைப்பம்பில் முதலில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால்தான் நீர் ஏறும் என்பதைப் போன்றது இது. ஒருமுறை மின் உற்பத்தி தொடங்கிவிட்டால் ஆல்டர்னேட்டர் தன் தேவையைத் தானே பார்த்துக்கொள்ளும். விளக்கின் இருபுறமும் ஒரே வோல்டேஜ் வந்துவிடுவதால் அது அணைந்துவிடும். எல்இடி போட்டதும் அந்த முதல் மின்சாரம் போதாமல் போய்விட்டது. வேகமாகச் சுழலும்போது மட்டும், ரோட்டார் இரும்பில் எஞ்சியிருக்கும் சிறு காந்தத்தன்மையைக் கொண்டு தானே எழுந்துகொள்கிறது. அதனால்தான் நெடுஞ்சாலைக்குப் போன நாளில் சார்ஜ் ஏறுகிறது, ஊருக்குள் சுற்றும் நாளில் ஏறுவதில்லை. பழைய டீசல் எஞ்சின் ஓடுவதற்குப் பெரிதாக மின்சாரம் தேவைப்படாததால், வழியில் எந்த அறிகுறியும் தெரியாமல் மறுநாள் செல்ஃபில்தான் தெரிகிறது.

மின்கம்பி எழுதியது:
எல்இடி எரிந்தால் அதன் வழியாக மின்சாரம் போகிறது என்றுதானே பொருள்? பிறகு எப்படிப் போதாமல் போகும்?

நட்டும்போல்ட்டும் எழுதியது:
போகிறது, ஆனால் 10 அல்லது 20 மில்லி ஆம்பியர் அளவில்தான். 2.2 வாட் இழை பல்பு 180 மில்லி ஆம்பியருக்கு மேல் விடும். கண்ணுக்கு இரண்டு வெளிச்சமும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் ரோட்டாருக்கு ஒன்றல்ல. மண்சாலை அவர்களே, அந்த ஓர் இடத்தில் மட்டும் பழைய பல்பைத் திரும்பப் போடுங்கள். எல்இடிதான் வேண்டும் என்றால், அதற்கு இணையாக 68 ஓம், 5 வாட் மின்தடை ஒன்றைப் பற்றவைத்து, சூடாகும் என்பதால் பிளாஸ்டிக்கில் படாமல் வையுங்கள். மற்ற விளக்குகள் அப்படியே இருக்கட்டும்.

மூத்தமெக்கானிக் எழுதியது:
பிரஷ் தேய்ந்திருந்தாலும் இதே அறிகுறி வரும் என்பதைப் பதிவு செய்கிறேன். பல்பை மாற்றிப் பார்க்கட்டும்.

மண்சாலை எழுதியது:
பழைய பல்பைப் போட்டேன். ஐடிலிலேயே 14.1. நன்றி.

குறுக்குச்சாலை எழுதியது:
என் வண்டியில் சார்ஜ் விளக்கே கிடையாது, ஆம்பியர் மீட்டர்தான் இருக்கிறது. நானும் மீட்டர் பலகைக்கு எல்இடி வாங்கி வைத்திருக்கிறேன். இது எனக்கும் பொருந்துமா?

நட்டும்போல்ட்டும் எழுதியது:
விளக்கு இல்லையென்றால் ரோட்டாருக்கான இணைப்பு வேறு வழியாக வருகிறது. மீட்டர் பலகை வெளிச்சத்துக்கு எல்இடி போடுவதால் சார்ஜுக்குக் கேடில்லை. சில வண்டிகளில் விளக்கு இருந்தாலும் தயாரிப்பிலேயே இணையாக ஒரு மின்தடை வைத்திருப்பார்கள், அங்கும் கவலையில்லை. இண்டிகேட்டர் பல்புகளை மட்டும் யோசித்து மாற்றுங்கள். அவற்றைச் சிமிட்ட வைக்கும் பழைய வெப்பவகை ஃபிளாஷர், பல்பு இழுக்கும் மின்சாரத்தை நம்பித்தான் இயங்குகிறது. வெளிப்புற விளக்குகளும் எல்இடியானால் அது சிமிட்டாமல் நின்றுவிடும் அல்லது படபடவென்று அடிக்கும், அதனால் மின்னணு ஃபிளாஷர் ஒன்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.