மெட்ராஸ் டெரஸ் ஒழுகுகிறது: மேலே காங்கிரீட் போடலாமா?

பாரிமுனை_ஜே.இ: 1930-களில் கட்டிய அரசு அலுவலகம், இரண்டு மாடி, மேல்தளம் மெட்ராஸ் டெரஸ் (தேக்குச் சட்டத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் வைத்த பழைய காலத் தளம்). மழைக்கு ஒழுகுகிறது. பத்து வருடம் முன்பு சுவருக்கு சிமென்ட் பூச்சும் எமல்ஷனும் அடித்திருக்கிறார்கள். இப்போது பாளம் பாளமாக விழுகிறது. தளத்தின் மேல் 50 மி.மீ. காங்கிரீட் போட்டு வாட்டர்புரூஃப் அடிக்கலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர். ரிப்பன் மாளிகையும் இதே மாதிரிக் கட்டடம்தானே, செய்யலாமா?

காளவாய்: வேண்டாம் சார். 50 மி.மீ. காங்கிரீட் என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 120 கிலோ கூடுதல் பாரம். அதைத் தாங்கப்போவது 90 வயதுத் தேக்குச் சட்டம். அதன்மேல் இருப்பது என்ன? ஓரங்குலக் கனமுள்ள சின்ன டெரஸ் செங்கல், சட்டத்துக்கு மூலைவாட்டில், விளிம்பில் நிறுத்திச் சுண்ணாம்பில் ஒட்டியது. வெயிலில் இந்தத் தளம் கொஞ்சம் அசையும். சுண்ணாம்பு கூடவே அசையும், காங்கிரீட் வெடிக்கும். வெடிப்பில் இறங்கிய தண்ணீர் மேலே ஆவியாக வழியில்லாமல் சட்டத்தில்தான் போய்த் தங்கும்.

ரிப்பன் மாளிகை 1909-ல் தொடங்கி 1913-ல் திறந்தது. ஹாரிஸ் வடிவமைப்பு, லோகநாத முதலியார் கட்டுமானம், செலவு ஏழரை லட்சம். 85 மீட்டர் நீளக் கட்டடம் முழுக்கச் செங்கல், சுண்ணாம்பு, தேக்கு. (தரையில் இருந்த கடப்பாக் கல்லை எடுத்துவிட்டு பளிங்கு போட்டது தனிச் சோகம்.) அங்கே பார்த்துப் படிக்க வேண்டியது காங்கிரீட் இல்லை.

டெரஸ் செங்கல்லுக்கு மேலே இருக்கும் பழைய ஜல்லித் தளத்தைப் பகுதி பகுதியாகக் கொத்தி எடுங்கள், ஒரே நாளில் மொத்தத்தையும் திறக்காதீர்கள். புதிதாக 20 மி.மீ. செங்கல் ஜல்லி 32 பங்கு, நீற்றிய சுண்ணாம்பு 12.5 பங்கு. மணல் கூடாது. 75 மி.மீ. கனம், தண்ணீர் ஓட ஐந்தடிக்கு ஓரங்குலமாவது வாட்டம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து மரக்கட்டையால் தட்ட வேண்டும். கட்டை பதியாமல் எகிற வேண்டும். அதற்குக் கிட்டத்தட்ட ஒரு வாரம் பிடிக்கும். இரண்டு நாளில் முடிந்தது என்றால் தட்டவில்லை என்று அர்த்தம். மேலே தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) பதிக்க வேண்டும்.

தார்ஷீட்: இவ்வளவு தட்ட இப்போது ஆள் எங்கே கிடைக்கிறது? ஷீட் மெம்பிரேன் (தண்ணீர் புகாத தார் விரிப்பு) ஒட்டினால் மூன்று நாளில் வேலை முடியும்.

காளவாய்: முடியும். ஆனால் உள்ளே ஏற்கெனவே ஊறியிருக்கிற ஈரத்தை மூடிவைத்தது போலாகும். ஷீட் கொப்பளிக்கும், கைப்பிடிச் சுவர் ஓரத்தில் முதலில் விடும்.

உத்தரம்45: தளத்தைத் தொடும் முன் சட்டங்களின் முனையைப் பாருங்கள். ஒழுகல் பெரும்பாலும் நடுவில் தொடங்காது. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையிலும், மழைநீர்க் குழாய் வாயிலும்தான். சுவருக்குள் போகிற முனை அங்கேதான் உளுத்துப்போகும். கூரான ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். அரை அங்குலம் சுலபமாக இறங்கினால் முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் மேலே ஆள் ஏற்ற வேண்டும். கெட்ட முனையை வெட்டி, இருபுறமும் இரும்புப் பட்டை வைத்து போல்ட் போட்டு நல்ல தேக்கு சேர்க்கலாம். திரும்பச் சுவரில் வைக்கும்போது முனையைச் சுற்றி விரலளவு காற்றிடம் விடுங்கள், சிமென்ட் வைத்து அடைக்காதீர்கள்.

அரசங்கன்று இருந்தால் பிடுங்காதீர்கள், செங்கல்லும் கூடவே வரும். வெட்டிவிட்டு வேருக்கு மருந்து வையுங்கள்.

பாரிமுனை_ஜே.இ: நன்றி. சுவருக்கு?

காளவாய்: சிமென்ட் பூச்சைச் சின்ன உளியால் எடுங்கள், பிரேக்கர் வேண்டாம். பின்னால் செங்கல் மாவாகியிருக்கும்: கடல்காற்று உப்பு, வெளியேற முடியாமல் உள்ளேயே படிகமாகி செங்கல்லை உடைத்தது. பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி அள்ளுங்கள்; தண்ணீர் ஊற்றிக் கழுவினால் திரும்ப உள்ளே போகும். சுவர் காய்ந்தபின் சுண்ணாம்பு 1, மணல் 2, மெல்லிய பூச்சாக மூன்று முறை. ஒவ்வொன்றும் இறுகியபின் அடுத்தது. மேலே எமல்ஷன் இல்லை, வெள்ளையடிப்பு மட்டும். பிப்ரவரியில் தொடங்கினால் ஐப்பசி மழைக்கு முன் நிம்மதி.

உத்தரம்45: பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டடமா என்று முதலில் பாருங்கள். இருந்தால் சி.எம்.டி.ஏ.வின் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவிடம் போக வேண்டும். எஸ்டிமேட்டில் ‘சுண்ணாம்புக் கலவை’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். ‘சிமென்ட் சேர்க்கக் கூடாது’ என்று தனி வரி இல்லாவிட்டால் சாரத்தின் மேல் ஒரு மூட்டை கட்டாயம் ஏறிவிடும்.