நகர மையங்கள் ஏன் வெறிச்சோடுகின்றன? நேரில் பார்த்தவர்கள் பகிருங்கள்

முதல் பதிவு:

கடைவீதிகளில் ஆள் எண்ணும் வேலை பார்த்திருக்கிறேன். தெருமுனையில் நின்று, கடந்து போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். ஒருமுறை பழைய கடைவீதி ஒன்றில் வாகனங்களைத் தடுத்துவிட்டு, நடப்பவர்களுக்கு மட்டும் விடலாமா என்று ஆய்வு நடந்தது. வியாபாரிகள் கொதித்துப்போயிருந்தார்கள். “என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் காரில்தான் வருகிறார்கள், வயிற்றில் அடிக்காதீர்கள்” என்றார் ஒரு துணிக்கடைக்காரர்.

அவர் கடை வாசலிலேயே நின்று, பையோடு வெளியே வந்தவர்களைக் கேட்டோம். பெரும்பாலோர் நடந்தோ பேருந்திலோ வந்தவர்கள். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. காரில் வந்தவர் நிறுத்த இடம் கிடைக்காமல் சுற்றிய கதையை அவரிடம் புலம்பிவிட்டுப் போவார். நடந்து வந்தவருக்குப் புலம்ப எதுவும் இல்லை, அதனால் கடைக்காரர் மனதில் அவர் பதியவும் இல்லை. பிரிட்டனின் பிரிஸ்டலிலும் இதே கதைதான். 2006-இல் வெளியான ஆய்வில், 41 சதவீதம் பேர் காரில் வருவதாகக் கடைக்காரர்கள் நினைத்திருந்தார்கள். உண்மையில் வந்தவர்கள் 22 சதவீதம்தான்.

சரி, வாகனங்களைத் தடுத்துவிட்டால் போதுமா என்றால், போதாது. மாலைக் கணக்கெடுப்பில்தான் அது எனக்கு உறைத்தது. அலுவலகங்கள் விட்டதும் ஒரு பெரும் கூட்டம் நிலையத்தை நோக்கி நடக்கும். அப்புறம் பொத்தானை அழுத்த வேலையே இருக்காது. கடைகளுக்கு மேலே இரண்டு, மூன்று மாடிகள் இருந்தும் ஒரு ஜன்னலில்கூட விளக்கு எரியவில்லை.

அமெரிக்காவின் கதை இதில் பெரிய பாடம். 1956-இல் மினசோட்டாவில் சவுத்டேல் என்ற மூடிய வணிக வளாகத்தை வடிவமைத்தவர் விக்டர் க்ரூயன். நகர மையங்களின் வியாபாரம் ஊருக்கு வெளியே போனதில் அந்த மாதிரி வளாகங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அதே க்ரூயன்தான் மையத்தைக் காப்பாற்ற கலமசூ நகருக்கும் திட்டம் போட்டுக் கொடுத்தார். 1959-இல் அங்கே கார் இல்லாத கடைவீதி திறந்தது. அதைப் பார்த்துப் பல நகரங்கள் அதே வழியில் இறங்கின, பிற்பாடு பெரும்பாலானவை பின்வாங்கின. சிகாகோவின் ஸ்டேட் தெருவில் 1979-இல் கார்களைத் தடுத்தார்கள், 1996-இல் திரும்ப விட்டார்கள். ஆனால் 1962-இல் கார்களைத் தடுத்த, டென்மார்க்கின் கோபன்ஹேகனில் உள்ள ஸ்ட்ரோயெட் கடைவீதி இன்றும் கூட்டமாக இருக்கிறது. அங்கேயும் முதலில் கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். ஆனால் அந்தத் தெருவைச் சுற்றி மக்கள் குடியிருந்தார்கள். நான் பெரிதாக எடுத்துக்கொள்வது அந்த வித்தியாசத்தைத்தான். தரைக்குக் கருங்கல் பதிக்கும் பணத்தில் ஒரு பகுதியையாவது கடைகளுக்கு மேலே காலியாகக் கிடக்கும் மாடிகளில் ஆட்களைக் குடியேற்றச் செலவழிக்கட்டும்.

பதில்:

மேல்மாடி பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் கட்டுமானப் பொறியாளர். காலியான அலுவலகக் கட்டடத்தை வீடுகளாக மாற்றும் வேலையில் இருந்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு, நடுவில் சுவர் வைத்தால் வீடு வந்துவிடும் என்று தோன்றும்.

உள்ளே போனால்தான் தெரியும். பிற்காலத்து அலுவலக மாடிகள் அவ்வளவு அகலமானவை. நடுப்பகுதிக்கு வெளிச்சமே போகாது. ஜன்னல் இல்லாத படுக்கையறையை எந்த விதி அனுமதிக்கும்? கழிப்பறைகள் எல்லாம் லிஃப்டை ஒட்டி ஒரே இடத்தில் இருக்கும். வீடானால் ஒவ்வொன்றுக்கும் குளியலறை, சமையலறை, அதற்கெல்லாம் கழிவுக்குழாய் வேண்டும். ஒவ்வொரு குழாய்க்கும் தளத்தைத் துளைக்க வேண்டும். நாங்கள் வேலை பார்த்த கட்டடத்தில் தளத்துக்குள் இழுவிசையில் இறுக்கிய எஃகு வடங்கள் ஓடின. கருவியால் தேடி, வடம் போகும் பாதையைத் தரையில் வண்ணக் கோடாகப் போட்டுவிட்டுத்தான் துளைக்கும் இயந்திரத்தையே உள்ளே விட்டோம். ஒரு வடம் அறுந்தால் அந்தப் பகுதியே பலம் இழக்கும்.

அதனால் எந்தக் கட்டடம் தோதானது என்று முதலில் பார்க்க வேண்டும். நியூயார்க்கின் லோயர் மன்ஹாட்டனில் 1995-இல் சொத்துவரிச் சலுகை கொடுத்து அலுவலகங்களை வீடுகளாக்கத் தூண்டினார்கள். அங்கே இருந்த பழைய கட்டடங்கள் பல குறுகலானவை, ஜன்னல்கள் நிறைய. அது கைகொடுத்தது. மெல்பர்ன் நகராட்சியும் 1990-களின் தொடக்கத்தில், மையத்தின் அஞ்சல் எண்ணையே பெயராக வைத்து ‘போஸ்ட்கோட் 3000’ என்று ஒரு திட்டம் போட்டு ஆட்களைக் குடியமர்த்தியது. இன்று அங்கே சந்துகளில்கூடக் கூட்டம் இருக்கிறது.

பதில்:

பூட்டிக் கிடக்கும் கடைகளைப் பற்றி நான் சொல்கிறேன். புத்தகக் கட்டு வேலை செய்கிறேன். தெரு முழுக்க ஷட்டர் இறங்கிக் கிடந்தது. வாடகையைக் குறைத்துக் கேட்டால் உரிமையாளர்கள் அசைய மாட்டார்கள். ஆண்டுக்கணக்கில் காலியாகப் போட்டாலும் போடுவார்களே தவிர இறங்கி வரமாட்டார்கள். பேராசை என்றுதான் எல்லோரும் திட்டுவோம். ஒரு உரிமையாளர் உட்கார வைத்து விளக்கினார். கட்டடத்தின் மதிப்பை வாடகையை வைத்துத்தான் கணக்கிடுகிறார்களாம். குறைந்த வாடகைக்கு ஒப்பந்தம் எழுதினால் மதிப்பும் இறங்கும், அதை அடமானம் வைத்து வாங்கிய கடனுக்கு வங்கி கேள்வி கேட்கும். காலியாக இருந்தால் பழைய மதிப்பே ஏட்டில் நிற்கும்.

இதற்கு ஒரு வழியை ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரில் 2008-இல் தொடங்கிய ‘ரின்யூ நியூகாசில்’ அமைப்பு காட்டியது. அவர்கள் குத்தகை எழுதவில்லை. முப்பது நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் தற்காலிக அனுமதி மட்டும்தான். முழு வாடகைக்கு ஆள் வந்தால் காலி செய்து கொடுத்துவிட வேண்டியிருந்தது. கைவினைஞர்களும் கலைஞர்களும் உள்ளே வந்தார்கள், தெருவில் நடமாட்டம் கூடியது.

நானும் அந்த மாதிரி ஏற்பாட்டில்தான் பட்டறை போட்டேன். பிறகு முழு வாடகைக்கு ஆள் கிடைத்தார், நான் பக்கத்தில் வேறொரு ஷட்டருக்கு மாறிக்கொண்டேன். இடைஞ்சல்தான். கனமான இயந்திரத்தை நகர்த்துவது லேசான காரியமில்லை. ஆனாலும் பூட்டியிருந்த இரண்டு கடைகள் திறந்தன. இதில் இறங்க நினைப்பவர்கள், தீ விபத்துக் காப்பீடும் மின் இணைப்பும் யார் பெயரில் இருக்க வேண்டும் என்பதை முதல் நாளே எழுத்தில் வாங்கிவிடுங்கள். எங்களுக்குப் பெரும்பாலும் இழுபறி ஆனது அங்கேதான்.