கோத்தகிரியில் வீட்டுத் தோட்டத்துக்குக் குட்டி டிராக்டரா, பவர் டில்லரா?

கோத்தகிரிக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் போன வருடம் ஊருக்கே வந்துவிட்டேன். கோத்தகிரிக்கு மேலே வீட்டோடு சேர்த்து ஒன்றே முக்கால் ஏக்கர். பாதி தேயிலை, அதில் எனக்கு வேலை இல்லை, பக்கத்துக்காரர் பார்த்துக்கொள்கிறார். மீதியில் பதினொரு படிமட்டம், கேரட்டும் பீன்ஸும் போட ஆசை. வீட்டுக்குப் பின்னால் நாற்பது சென்ட் வெறும் கிக்குயு புல், மாதம் ஒரு தடவை வெட்டாவிட்டால் காட்டு மாடு வாசலிலேயே படுத்துக்கொள்கிறது. மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அங்கே வீட்டுக்கு வீடு வைத்திருக்கிற கூபோட்டா பிஎக்ஸ், ஜான் டீர் 1025ஆர் மாதிரி குட்டி வண்டிகளின் காணொளிகளை அனுப்பிக்கொண்டே இருக்கிறான். முன்னால் மண் அள்ளும் தொட்டி, வயிற்றுக்கடியில் புல்வெட்டி, கியர் மாற்றாமல் பெடலை அழுத்தினால் போகிறது, அழுத்தாவிட்டால் நிற்கிறது. "அப்பா, இதே மாதிரி ஒன்று வாங்குங்க, பணம் நான் தருகிறேன்" என்கிறான். எனக்கு 61 வயது, முட்டி வலி உண்டு. உட்கார்ந்து ஓட்டுகிற ஒன்று இருந்தால் நல்லது என்று எனக்கும் தோன்றுகிறது. எதை வாங்கலாம்?

நஞ்சநாடு கேரட்:
வாங்க சார். முதலில் மகனிடம் சொல்லிவிடுங்கள், அந்த அமெரிக்க வண்டி வேறு, நம் ஷோரூமில் நிற்பது வேறு. இங்கே மினி டிராக்டர் என்றால் கியர் வண்டிதான், வயிற்றுக்கடியில் புல்வெட்டியெல்லாம் வராது, பின்னால்தான் மாட்ட வேண்டும். அதற்காக மட்டமானது என்று நினைக்காதீர்கள். மஹிந்திரா ஜீவோ 245, கூபோட்டா நியோஸ்டார் பி2441 இரண்டும் 24 எச்பி, இரண்டும் ஃபோர் வீல் டிரைவ், இரண்டும் பின்னால் 750 கிலோ தூக்கும். ஜீவோ இரண்டு சிலிண்டர், 1366 சிசி, மெதுவாக ஓடும்போதும் இழுவை விடாது, ஆனால் அதிர்வு இருக்கும். கூபோட்டா மூன்று சிலிண்டர், 1123 சிசி, சத்தம் குறைவு, உடம்புக்கு இதம். நான் 24 எச்பி வண்டி ஒன்றை மூன்று வருடமாக ஓட்டுகிறேன். முன்பு ஆறு ஆள் இரண்டு நாள் கொத்திய இடத்தை இப்போது காலை டீக்கும் மதியச் சோற்றுக்கும் நடுவில் முடித்துவிடுகிறேன். ஆள் கிடைக்காத ஊரில் அதைவிட வேறென்ன வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது, அதுவும் லாபம். ஒன்று மட்டும், மலையில் டூ வீல் டிரைவ் வேண்டவே வேண்டாம்.

மன்னவனூர்ப் பூண்டு:
சார், இவர் பேச்சைக் கேட்டு முன்பணம் கட்டிவிடாதீர்கள். நஞ்சநாடு பக்கம் பள்ளத்தாக்கில் அகலமான நிலம் இருக்கிறது, அவருக்கு ஓடும். நான் பழனி மலையில் மேல்மலைக்காரன், எங்கள் பூண்டு மட்டம் எட்டடி, ஒன்பதடி. அந்த 24 எச்பி வண்டி திரும்ப இரண்டு மீட்டருக்கு மேல் ஆரம் கேட்கிறது, அதாவது வட்டமடிக்கப் பதிமூன்று பதினான்கு அடி அகலம் வேண்டும். எட்டடி மட்டத்தில் நேரே போய், அதே வழியில் ரிவர்ஸில் வரலாம். அப்புறம் அடுத்த மட்டத்துக்கு எப்படி இறங்குவது? மட்டத்தின் கல் சுவரை உடைத்துச் சரிவு வெட்ட வேண்டும். உங்கள் நீலகிரியில் பொக்லைன் இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்பதும் தெரியும்தானே? பதினொரு மட்டத்துக்குப் பத்துச் சரிவு. சுவரை உடைத்த இடத்தில்தான் அடுத்த மழைக்குத் தண்ணீர் ஓடும்.

வி.எஸ்.டி. சக்தி 130 பவர் டில்லர், கைப்பிடியைப் பிடித்து நடந்தே ஓட்டுகிற உழவு வண்டி, 13 எச்பி, டிராக்டர் விலையில் பாதிகூட ஆகாது. மத்திய அரசின் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிக்கும் பெண்களுக்கும் 50 சதவீதம் வரை மானியம், மற்றவருக்கு 40. வேளாண்மைப் பொறியியல் துறையில் கேளுங்கள், ஒன்றே முக்கால் ஏக்கருக்கு நீங்கள் குறு விவசாயிதான்.

நஞ்சநாடு கேரட்:
மன்னவனூர் அண்ணா, நீங்கள் சொன்ன டில்லரை 61 வயதுக்காரர் முட்டி வலியோடு பிடித்துக்கொண்டு நடப்பாரா? ஒரு நாள் முழுக்க ஓட்டிவிட்டு இரவில் சோறு பிசையக் கை மடங்காது, எனக்குத் தெரியும், டிராக்டருக்கு முன்னால் நான்கு வருடம் டில்லர்தான். இன்னொன்றை ஏன் யாரும் புதியவர்களிடம் சொல்வதில்லை? டில்லரில் ஒவ்வொரு சக்கரத்தையும் எஞ்சினிலிருந்து விடுவிக்கக் கைப்பிடியில் தனித்தனி கிளட்ச் உண்டு. இடது கிளட்ச்சைப் பிடித்தால் இடது பக்கம் திரும்பும், அது சமதரையில். இறக்கத்தில் வண்டி எஞ்சினைத் தள்ளிக்கொண்டு இறங்கும்போது இடதைப் பிடித்தால் இடது சக்கரம் விடுபட்டு வேகமாக உருளும், வண்டி வலது பக்கம் போகும். முதல் வாரத்திலேயே என் டில்லர் அப்படித்தான் தேயிலைக்குள் போய் விழுந்தது. கைப்பிடி விலாவில் இடித்த இடம் குளிர்காலத்தில் இன்றும் வலிக்கிறது.

மன்னவனூர்ப் பூண்டு:
அது உண்மை, ஒப்புக்கொள்கிறேன். இறக்கத்தில் கிளட்ச்சைத் தொடாமல் கைப்பிடியைத் தள்ளித் திருப்பப் பழக வேண்டும். ஆனால் டில்லர் கவிழ்ந்தால் கையை விட்டுவிட்டு ஓடலாம் தம்பி. டிராக்டர் கவிழ்ந்தால் நீங்கள் அதற்கு மேலேயா கீழேயா என்பது உங்கள் கையில் இல்லை. எங்கள் ஊரில் இரண்டு வருடம் முன்பு ஒருவர் மழை விட்ட மறுநாள் மட்டத்தின் ஓரமாக ஓட்டினார். ஓர மண் ஊறியிருந்தது, பின்சக்கரம் உட்கார்ந்தது, அவ்வளவுதான். உயிர் பிழைத்தார், கால் பழையபடி இல்லை.

பண்ணைக்காடு காப்பி:
இரண்டு பேரும் வண்டியை விற்றுவிட்டுத்தான் ஓய்வீர்கள் போல. ஐயா, உங்களுக்கு வேண்டியது புல் வெட்ட, எரு சுமக்க, வருடத்தில் இரண்டு தடவை மண்ணைக் கிளற. இதற்கு ஆறு லட்சமா? நான் காப்பியும் மலை வாழையும் வைத்திருக்கிறேன். தோளில் மாட்டும் புல்வெட்டி ஒன்று, களை எடுக்கிற சின்ன பவர் வீடர் ஒன்று, சுமைக்கு வாடகைக் குதிரை. குதிரைக்கு ரிவர்ஸ் கியர் தேவையில்லை, மழையில் வழுக்கினாலும் தானே எழுந்துகொள்ளும். எங்கள் தெருவில் ஒருவர் வீட்டுக்கென்று மினி டிராக்டர் வாங்கினார், இப்போது அதன்மேல் கோழி அடைகிறது. வருடத்துக்கு எத்தனை மணி நேரம் ஓட்டுவீர்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். எனக்கு நாற்பது மணிக்கு மேல் வரவில்லை. அவ்வளவுதான் என்றால் அரசின் உழவன் செயலியில் வேளாண்மைப் பொறியியல் துறையின் வண்டி வாடகைக்குக் கிடைக்கிறதா என்று பார்க்கலாம், பக்கத்துத் தோட்டத்துக்காரரிடமும் கேட்கலாம்.

நஞ்சநாடு கேரட்:
அக்கா, மழைக்கு முன்னால் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் உழ வேண்டும். அந்த வாரம் வாடகை வண்டி யாருக்கும் வராது. சொந்த வண்டி என்றால் மண் பதமாக இருக்கிற அன்று காலையில் இறங்கிவிடலாம், அதற்குத்தான் காசு.

குன்னூர்ப் பட்டறை:
இந்த வண்டிகளைப் பிரித்து மாட்டிப் பிழைக்கிறவன் நான். எச்பி சண்டை போடுகிறீர்களே, காகிதத்தில் இருக்கிற 24 மலைக்கு வராது. டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடி ஏறினால் ஏறக்குறைய மூன்று சதவீதம் இழக்கும். கோத்தகிரி ஆறாயிரம் அடி என்று வைத்தால் நாலு எச்பிக்கு மேல் போய்விட்டது. அதனால் மண்ணைக் கிளறுகிற சுழல் கத்தி, அதாவது ரோட்டவேட்டர், ஐந்தடியில் மாட்டலாம் என்று கீழே ஷோரூமில் சொன்னால் நம்பாதீர்கள், நாலடிக்கு மேல் வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அப்படி மாட்டிக் கொடுத்து, வண்டி புகை கக்கிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தது, விற்றவர்கள் போனையே எடுக்கவில்லை.

ஐயா, வாங்கும் முன் சரிவை அளங்கள். ஒரு மீட்டர் ரீப்பர் கட்டை, அதன்மேல் கொத்தனார் மட்டம். கட்டையின் ஒரு முனையை மேட்டில் வைத்து, மட்டம் பார்த்து, மறுமுனையிலிருந்து தரை எவ்வளவு கீழே என்று டேப்பால் பாருங்கள். 27 சென்டிமீட்டர் என்றால் 15 டிகிரி. அதற்கு மேல் போனால் உட்கார்ந்து ஓட்டும் வண்டியை அங்கே விட நான் சொல்ல மாட்டேன். அதற்குக் கீழே என்றாலும் மேலும் கீழுமாகத்தான், குறுக்கே ஓட்டாதீர்கள். முதுகுக்குப் பின்னால் வளைவுக் கம்பி இருக்கிற வண்டி என்றால் பெல்ட் போடுங்கள், கம்பி இல்லாத பழைய வண்டி என்றால் பெல்ட் கூடாது, குதித்துத் தப்ப வழி வேண்டும். டிரெய்லரில் எரு ஏற்றிக்கொண்டு இறங்கும்போதுதான் நிறைய பேர் மாட்டுகிறார்கள். அறுநூற்றைம்பது கிலோ வண்டியை ஒரு டன் சுமை பின்னாலிருந்து தள்ளும். மேலேயே நின்று சின்ன கியர் போட்டு, ஃபோர் வீலைப் போட்டு இறங்க வேண்டும், நடுவில் கிளட்ச்சை மிதித்தால் முடிந்தது கதை. ஃபோர் வீல் இழுக்க மட்டும் என்று நினைக்கிறார்கள், இறக்கத்தில் முன்சக்கரமும் பிடிக்கும், அதுதான் பெரிய விஷயம்.

கோத்தகிரிக்காரன்:
பட்டறை ஐயா சொன்னபடி இன்று காலை முழுக்க டேப்போடு அலைந்தேன், மனைவி கட்டையைப் பிடித்தாள், திட்டிக்கொண்டே. புல் சரிவு: ஒரு மீட்டருக்கு 34 சென்டிமீட்டர். மட்டங்களில் கீழே நான்குதான் பதினான்கடி, மேலே ஏழும் எட்டு ஒன்பதடி. இதையெல்லாம்விடப் பெரிய செய்தி: ரோட்டிலிருந்து தோட்டத்துக்குப் போக இருப்பது ஒரே வழி, அது சமையலறைச் சுவருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் போகிறது. அளந்தால் மூன்றடி இரண்டு அங்குலம். பத்து வருடமாக அந்த இடுக்கில் போய் வருகிறேன், ஒரு தடவைகூட இது தோன்றவில்லை.

மன்னவனூர்ப் பூண்டு:
24 எச்பி வண்டி மூன்றரை அடி அகலம். கதை முடிந்தது.

நஞ்சநாடு கேரட்:
எங்கே முடிந்தது? தொட்டியைத் தள்ளிக் கட்டலாம். இல்லையென்றால் ஸ்வராஜ் கோட் இருக்கிறது, அகலம் 890 மில்லிமீட்டர், மூன்றடிக்கும் குறைவு.

குன்னூர்ப் பட்டறை:
தம்பி, ஐந்து நிமிடம் முன்பு டூ வீல் டிரைவ் வேண்டவே வேண்டாம் என்றீர்கள். கோட் டூ வீல் டிரைவ்தான், 11 எச்பி, பெட்ரோல். சமவெளியில் காய்கறி வரிசைக்கு நடுவில் களை எடுக்க அருமையான வண்டி. அகலம் குறைந்தால் சாயும் பயமும் கூடும். பின்சக்கர ரிம்மைத் திருப்பி மாட்டி அகலப்படுத்தலாம் என்றால் அப்புறம் சமையலறைச் சுவர் இடிக்கும். 19 டிகிரி வரும் அந்தப் புல் சரிவுக்கு எந்த டிராக்டரும் ஆகாது, தோளில் மாட்டும் புல்வெட்டிதான்.

நஞ்சநாடு கேரட்:
சரி, புல்லை விட்டுவிடுகிறேன். ஆனால் கீழே இருக்கும் நான்கு மட்டம் பதினான்கடி, அதற்குக் கீழ்ப்பக்கம் ஏதாவது வண்டிப் பாதை உண்டா சார்?

கோத்தகிரிக்காரன்:
பக்கத்துக்காரரின் தேயிலை வழியாக ஒரு ஜீப் பாதை வருகிறது. இலை லாரி அங்கே வரை வரும்.

மன்னவனூர்ப் பூண்டு:
அப்போது அந்த நான்கு மட்டத்துக்கு வாடகை டிராக்டர், மேல் ஏழுக்கு டில்லர் வைத்திருக்கிற யாரையாவது கூப்பிட்டு ஒரு பருவம் ஓட்டிப் பாருங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை. வாடகை வண்டி வேறு தோட்டத்து மண்ணோடு வரும். உருளைக்கிழங்கு வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழுவை உங்கள் நீலகிரியில் 1961லேயே கண்டுபிடித்தார்கள், அந்தக் கூடு மண்ணுக்குள் பல வருடம் கிடக்கும், சக்கர மண்ணிலேயே ஊர் மாறும். ரோட்டவேட்டர் கத்தியிடுக்கு வரை தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால்தான் உள்ளே விடுங்கள், சங்கடப்படாதீர்கள். அப்புறம், எந்த வண்டியானாலும் மட்டத்தின் உட்புறம் ஓடுகிற வடிகாலை மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பண்ணைக்காடு காப்பி:
கடைசியில் நான் சொன்ன இடத்துக்கே வந்து சேர்ந்தீர்கள், குதிரையைத் தவிர. கிக்குயு புல்லில் டில்லரை நேரே விடாதீர்கள் ஐயா. அதன் வேர்க்கொடி கத்தி அச்சில் கயிறு மாதிரி சுற்றிக்கொள்ளும். அரை மணிக்கு ஒரு தடவை எஞ்சினை நிறுத்திவிட்டு அரிவாளால் அறுத்து எடுக்க வேண்டும். முதலில் புல்லைத் தரையோடு வெட்டி, வெயிலில் காயவிட்டு அப்புறம் உழச் சொல்லுங்கள்.

கோத்தகிரிக்காரன்:
தொட்டியை நகர்த்துவதில்லை என்று வீட்டில் தீர்ப்பு வந்துவிட்டது. புல்வெட்டியை இந்த வாரமே வாங்குகிறேன். உழவுக்கு இந்தப் பருவம் வாடகை. மகனிடம் சொன்னேன், "அப்போ குட்டி டிராக்டர் இல்லையா" என்று முகம் வாடிவிட்டது. எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் வருத்தம்தான், பொய் சொல்ல மாட்டேன்.

நஞ்சநாடு கேரட்:
வருத்தப்படாதீர்கள் சார். ஞாயிற்றுக்கிழமை நஞ்சநாடு வாங்க, என் வண்டியில் ஏறி ஓட்டிப் பாருங்க. முந்தின நாள் மழை பெய்திருந்தால் இன்னும் நல்லது, அப்போதுதான் அண்ணன் சொல்கிற பயம் எவ்வளவு, நான் சொல்கிற சுகம் எவ்வளவு என்று தெரியும்.

மன்னவனூர்ப் பூண்டு:
போய் ஓட்டுங்க சார். திரும்பும்போது செருப்பைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.