தொட்டிக்கட்டு வீட்டின் பிற்சேர்க்கைகளை இடிப்பதா, வைத்துக்கொள்வதா?

பெண்ணைக்கரை:

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் பாட்டன் வழி வீடு இருக்கிறது. நடுவில் வானம் பார்த்த தொட்டி, நான்கு பக்கமும் கல்தூண் தாங்கும் தாழ்வாரம், மேலே நாட்டு ஓடு. பின்கட்டு மட்டும் கட்டைக்குத்துத் தளம், அதாவது மரச்சட்டங்களின்மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மட்டமான கூரை. அதன்மேல் மங்களூர் ஓடு வேய்ந்த ஓர் அறை. தெருப்பக்கத்தில் தாத்தா 1970-களில் சேர்த்த கான்கிரீட் அறை. என் அத்தைகளைப் பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் அங்கேதான் உட்கார்ந்தார்கள்.

இது திப்பு காலத்து வீடு என்பார் பெரியப்பா. பின்னால் வந்ததை எல்லாம் இடித்துவிட்டு, தொட்டியும் தாழ்வாரமும் மட்டும் நிற்கிற பழைய வீடாகத் திருப்பித் தருகிறேன் என்கிறார் ஒப்பந்தக்காரர். உள்சுவரில் இடுப்பளவுக்கு ஈரம் ஏறி, உப்புப் பூத்து உதிர்கிறது. அதற்கு மறுபடியும் சிமெண்ட் பூசலாமாம். எனக்கு இரண்டுமே மனதுக்கு ஒப்பவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரசமட்டம்:

இடிக்க விடாதீர்கள், அம்மா. கட்டடப் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். நம் மாவட்டத்தில் இப்படிப் போன வீடுகளை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. தொட்டி மட்டும் போதும் என்று அந்த வீட்டில் வாழ்ந்தவர்கள் நினைக்கவில்லை. நெல் காய வைக்கவும் இரவில் காற்றாடப் படுக்கவும் மேல்தளம் தேவைப்பட்டது, போட்டார்கள். அதை அழித்துவிட்டு மிஞ்சுவது எந்தக் காலத்து வீடும் ஆகாது.

திப்பு காலம் என்றால் 1792-க்கு முன். அந்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில்தான் பாரமகால், அதாவது நம் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதி, ஆங்கிலேயக் கும்பினியிடம் போனது. கும்பினி அதிகாரிகளான ரீடும் மன்றோவும் நிலத்தை அளந்து தீர்வை விதித்தது அதற்குப் பிறகு. பெரியப்பா சொல்வது சரியாகவே இருக்கலாம். அதற்குச் சாட்சியைச் சுவரில் தேடுங்கள். தாழ்வாரச் சுவரும் பின்கட்டுச் சுவரும் சேரும் மூலையில் கொஞ்சம் பூச்சைச் சுரண்டிப் பாருங்கள். கற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருந்தால் இரண்டும் ஒரே காலத்து வேலை. மேலிருந்து கீழ்வரை நேர்க்கோடாகப் பிரிந்தால், பின்கட்டு பிறகு வந்து ஒட்டியது. மண் சாந்தா, சுண்ணாம்புச் சாந்தா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மங்களூர் ஓட்டின் அடிப்பக்கத்தில் ஆலையின் முத்திரை இருக்கும், அதையும் எழுதுங்கள்.

பெண்ணைக்கரை:

மூலையில் நேர்க்கோடுதான், ஐயா. ஓடுகளில் பாசல் மிஷன், 1865 என்று இருக்கிறது. ஒரு வரிசையில் மட்டும் காமன்வெல்த். அப்படியானால் மாடியறை 1865-இல் கட்டியதா?

இரசமட்டம்:

இல்லை. அது பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு மங்களூரில் ஓட்டாலை தொடங்கிய ஆண்டு. பிற்காலத்து ஓடுகளிலும் அதையே பதித்தார்கள். முதல் உலகப் போருக்குப் பின் அந்த ஆலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் கைக்குப் போயின. ஆகவே அந்த ஒரு வரிசை பிறகு மாற்றிய ஓடு. என் ஊகத்தையும் சொல்கிறேன்: திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குக் குறும்பாதை ரயில் வந்தது 1905-இல். அவ்வளவு பாரமான ஓடு அதற்குப் பிறகுதான் உங்கள் ஊருக்குக் கட்டுப்படியாகும் விலையில் வந்திருக்க வேண்டும்.

தாத்தாவின் கான்கிரீட் அறையும் இருக்கட்டும். ஆனால் அதன் தளத்து நீர் பழைய சுவரில் வழிகிறதா என்று மழை நாளில் நின்று பாருங்கள்.

காளவாய்:

மூன்று தலைமுறையாகச் சுண்ணாம்பு வேலை எங்களுக்கு. பாலக்கோட்டிலிருந்து எழுதுகிறேன்.

ஈரம் ஏறும் சுவருக்குச் சிமெண்ட் பூசவே கூடாது, அக்கா. மண்ணும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவர், உள்ளே வந்த ஈரத்தைத் தானாக வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் இன்னும் மேலே ஏறி, பூச்சு முடிகிற இடத்தில் உப்பாக வெடிக்கிறது. மறுபடி பூசினால் இடுப்பளவு தோளளவாகும்.

முதலில் தண்ணீரின் வழியைத் தேடுங்கள். சாலை போடும்போதெல்லாம் தெரு உயர்ந்து, வீட்டின் தரை பள்ளமாகியிருக்கும். தொட்டியிலிருந்து வெளியே போகும் கல் சாலகத்தை, அதாவது நீர் வடியும் வழியை, யாராவது அடைத்துச் சிமெண்ட் தரை போட்டிருப்பார்கள். பல வீடுகளில் அதுதான் காரணம். அதைத் திறந்துவிட்டு, பழைய சிமெண்டைக் கையுளியால் மெதுவாக எடுங்கள். இயந்திரம் வைத்தால் உள்ளே மண் சாந்து கலகலத்துப்போகும். பிறகு சில மாதமாவது சுவரை அப்படியே காயவிடுங்கள்.

கட்டைக்குத்துத் தளத்தில் தேக்குச் சட்டங்களின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தைக் கோணியூசியால் குத்திப் பாருங்கள். ஊசி இறங்கினால் அந்தச் சட்டத்தை மட்டும் மாற்றலாம். தளம் முழுவதையும் பிரிக்க வேண்டாம். சட்டத்தின் மேல் ஒரு அங்குலக் கனச் செங்கல்லைக் குத்தாக நிறுத்தி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய் வெல்லத் தண்ணீர் தெளித்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள் கணக்கில் தட்டிய தளம் அது. இன்று அதைத் தட்ட ஆள் சேர்ப்பதே பெரும் பாடு.

அந்தத் தளத்தின்மேல் பதித்த தட்டையான ஓடுகளின் இடுக்குகளை ஐப்பசி மழைக்கு முன் அடைத்துவிடுங்கள். சுவர்ப் பூச்சைத் தை மாதத்துக்குத் தள்ளுங்கள். சித்திரை வெயிலில் சுண்ணாம்பு சீக்கிரம் உலர்ந்து வெடிக்கும்.