ஏர் உழுதவன் ஊரில் ஒரு மதியம்

செக் நாட்டுக் கோட்டைகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் போனது ஸ்டாடிட்செ என்ற சின்னக் கிராமத்துக்கு. வடக்கே, ஊஸ்தி நகரத்துக்குப் பக்கத்தில், பீலினா ஆற்றங்கரையில் இருக்கிறது.

செக் நாட்டின் முதல் அரச வம்சத்தைத் தொடங்கியதாகச் சொல்லப்படும் ப்ரெமிஸ்ல் என்ற உழவனின் ஊர் இது. அந்தக் கதையை 12-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்திலேயே கோஸ்மாஸ் என்ற பாதிரியார் எழுதி வைத்துவிட்டார். குறி சொல்லும் லிபுஷெதான் மக்களுக்குத் தீர்ப்பும் சொல்லிவந்தாள். வழக்கில் தோற்ற ஒருவன், பெண் பேச்சைக் கேட்டு வாழ்வதா என்று கொதித்தான். சரி, அப்படியானால் இந்த ஊருக்குப் போங்கள், ப்ரெமிஸ்ல் என்பவன் இரண்டு எருது பூட்டி உழுதுகொண்டிருப்பான், அவன்தான் உங்கள் அரசன் என்று ஆள் அனுப்பினாள்.

ஆட்கள் வந்ததும் ப்ரெமிஸ்ல் எருதுகளை அவிழ்த்துவிட்டுத் தார்க்கோலை மண்ணில் ஊன்றினான். அது ஹேசல் என்ற கொட்டை மரத்தின் குச்சி. உடனே துளிர்த்து மூன்று கிளை விட்டது. இரண்டு வாடின, ஒன்று மட்டும் நெடுநெடுவென வளர்ந்தது. புறப்படும்போது பட்டு உடை உடுத்திக்கொண்டாலும், மரப்பட்டையில் தைத்த தன் பழைய செருப்பையும் கூடவே எடுத்துக்கொண்டான். எதற்கு என்று கேட்டவர்களுக்கு, என் பின்னால் வருகிறவர்கள் தாங்கள் எங்கிருந்து வந்தோம் என்று மறக்கக் கூடாது என்றானாம். எனக்கு இந்தக் கதையில் உயிரே அந்தச் செருப்புதான். அவன் வம்சம் 1306 வரை ஆண்டது.

ஊருக்கு வெளியே 'அரசன் வயல்' என்று ஓர் இடம். 1841-இல் எழுப்பிய கல் பீடம், உச்சியில் இரும்புக் கலப்பை. தொட்டுப் பார்த்தேன், சில்லென்றிருந்தது. பீடத்தில் அந்தக் கதையையே புடைப்புச் சிற்பமாகச் செதுக்கியிருக்கிறார்கள். ராஜாவுக்குச் சிலை எழுப்பாமல் கலப்பையை மேலே ஏற்றி வைத்தது எனக்கு ரொம்பப் பிடித்தது.

திரும்பும்போது வேலி ஓரம் புதர் வெட்டிக்கொண்டிருந்த ஒரு தாத்தாவிடம் கூட வந்த நண்பர் பேச்சுக் கொடுத்தார். இந்தப் பகுதியில் முன்பு ஜெர்மன் பேசுகிறவர்கள்தான் அதிகம்; இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அவர்களை வெளியேற்றிவிட்டார்கள். தாத்தாவின் பெற்றோர் அதற்கப்புறம் குடியேறியவர்கள். இந்த மண்ணில் பிறந்த பரம்பரை இல்லை, ஆனாலும் கதையைத் தன் வீட்டுக் கதை போலச் சொன்னார். 14-ஆம் நூற்றாண்டில் செக் நாட்டை ஆண்ட நான்காம் சார்லஸ் இந்த ஊர்க்காரர்களுக்குச் சலுகை கொடுத்தாராம். பதிலுக்கு அவர்கள் அந்த ஹேசல் மரத்தைப் பேணி, அரண்மனைக்குக் கொட்டை அனுப்ப வேண்டும். சொல்லிக்கொண்டே தன் தோட்டத்துச் செடியிலிருந்து ஒரு கொத்தை ஒடித்து, பச்சைத் தோலை உரித்து என் கையில் வைத்தார். செக் மொழியில் அந்தச் செடிக்கு 'லீஸ்கா' என்று பெயர். முற்றாத கொட்டை, பால் மாதிரி இனித்தது.

போவதென்றால் செப்டம்பரில் போங்கள், கொட்டை முற்றுகிற நேரம். தெற்கே ஸ்னோய்மோ பக்கம் போகிறவர்கள் அங்குள்ள வட்ட வடிவத் தேவாலயத்தையும் விடாதீர்கள். 1134-ஆம் ஆண்டுச் சுவரோவியத்தில் இதே ப்ரெமிஸ்ல் ஏரும் எருதுமாக நிற்கிறான்.