காலிப்பர் போட்டுட்டு வெளிநாட்டுல டீச்சர் வேலை – இண்டர்வியூக்கு முன்னாடியே சொல்லிடணுமா?

பாறை_கணக்கு_டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. எனக்கு ஊரு கொழிஞ்சாம்பாறை பக்கம், பஸ் ஏறி அந்தாண்ட போனா பொள்ளாச்சி இந்தாண்ட வந்தா பாலக்காடு. வீட்ல தமிழ், ரேஷன் கடைல மலையாளம். எம்.எஸ்சி கணக்கு, பி.எட் முடிச்சு ஏழு வருசமா ஒரு சிபிஎஸ்இ ஸ்கூல்ல ஒம்போது பத்தாவதுக்கு எடுக்கறேன். ஒண்ணரை வயசுல போலியோ வந்து வலது கால்ல காலிப்பர் (காலைத் தாங்கற இரும்புக் கம்பியும் தோல் வாரும்), கைல எல்போ ஸ்டிக். 60 சதவீதம்னு சர்டிபிகேட்.

விசயம் என்னன்னா கல்ஃப் ஸ்கூலுக்கு அப்ளை பண்ணிட்டு இருக்கேன். போட்டோ கேக்கறாங்க, கழுத்து வரைக்கும்தானே, அனுப்பிட்டேன். ஜூம்ல இண்டர்வியூ, இடுப்புக்கு மேலதான் தெரியும், டெமோ கிளாஸ் நல்லா போச்சு, "எக்ஸலண்ட் டீச்சர்"னு வாய் நிறைய சொன்னாங்க. அப்புறம் கொச்சிக்கு நேர்ல வரச் சொன்னாங்க. பாலக்காட்டுல விடியகால ட்ரெயின் புடிச்சு அப்பாவோட எறணாகுளம் போனேன். ஹோட்டல் ரூம் கதவுல இருந்து நாற்காலிக்கு ஒரு பதினஞ்சு அடி இருக்கும், நான் நடந்து போய் உக்கார்றதுக்குள்ள மூணு பேர் மூஞ்சியும் மாறிடுச்சு. கணக்குல ஒரு கேள்வி கூட கேக்கல. மாடிப்படி ஏறுவீங்களா, யார் கூட வந்தீங்க, கல்யாணம் ஆயிடுச்சா, இதுதான். கடைசில "அறியிக்காம்"னாங்க, தெரியப்படுத்தறோம்னு அர்த்தம். மலையாளம் தெரிஞ்சவங்களுக்கு தெரியும், அந்த "அறியிக்காம்"க்கு அப்புறம் யாரும் எதையும் அறியிக்க மாட்டாங்க.

அதுக்கு முன்னாடி ஒரு ஏஜெண்ட், நடக்கறத பாத்துட்டு "உங்க கேஸ் ஸ்பெஷல், ஸ்கூல்ல பேசி சரிக்கட்டணும், அம்பதாயிரம் சேத்தி ஆகும்"னாரு. எந்திரிச்சு வந்துட்டேன்.

இப்போ ரெண்டு இண்டர்வியூ வருது. முன்னாடியே சொன்னா கூப்பிடறதே இல்ல, சொல்லாம போனா ஏமாத்தினாப்ல பாக்கறாங்க. இந்த மாதிரி நெலமைல வெளிய போனவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க, எப்போ சொன்னீங்க, எப்புடி சொன்னீங்க?

கோபாலபுரம்_செக்போஸ்ட்:

டீச்சர் தப்பா எடுத்துக்காதீங்க, 2016 மாற்றுத்திறனாளி சட்டத்துல அரசாங்க வேலைல 4 சதவீதம் உங்களுக்குன்னே ஒதுக்கி இருக்கு. அத விட்டுட்டு எதுக்கு கண்ணுக்கு எட்டாத தேசத்துல போய் கஷ்டப்படணும், உங்களுக்கு ஒண்ணுன்னா அங்க யாரு பாப்பா? நம்ம ஊருலயே இருங்க.

பாறை_கணக்கு_டீச்சர்:

அண்ணா அக்கறைக்கு நன்றிங்க. அந்த 4 சதவீதம் எனக்கு தெரியாதுங்களா, கேரளா பிஎஸ்சி, அந்த அரசாங்க வேலைப் பரீட்சை, எழுதி எழுதித்தான் கைரேகை தேஞ்சு போச்சு. சித்தூர் தாலுக்காவுல தமிழ் மீடியம் கணக்கு போஸ்ட் எத்தனை வரும்னு நினைக்கறீங்க? தமிழ்நாட்டு பக்கம் போனா நீங்க கேரளாங்கறாங்க. எங்கூட பி.எட் படிச்ச நாலு பேரு இப்போ கல்ஃப்லதான் இருக்காங்க, அவங்க எதுக்கு போனாங்கன்னு யாரும் கேக்கறதில்ல, என்ன மட்டும் கேக்கறாங்க. வீடு கட்டணுமுங்க, அவ்வளவுதான்.

செங்கோட்டை2ஷார்ஜா:

தங்கச்சி, நான் யூஏஇல ஒரு இந்தியன் ஸ்கூல்ல பதினோரு வருசமா இருக்கேன், சயின்ஸ் எச்ஓடி, அதான் டிபார்ட்மெண்ட் தலைமை, ஆள் எடுக்கும்போது அந்த ரூம்ல நானும் உக்காந்திருப்பேன். அதனால நாற்காலிக்கு அந்தப் பக்கத்துல என்ன ஓடுதுன்னு சொல்லுதேன், கோவப்படாம கேளு.

உன் பாடத்த பத்தி யாருக்கும் சந்தேகம் வராது. பிரின்சிபால் மண்டைல ஓடுறது பூரா டியூட்டிதான். பிரேக் டியூட்டி, பஸ் டியூட்டி, டீச்சர் லீவ் போட்டா சப்ஸ்டிட்யூஷன், ரெண்டாவது மாடில பத்தாவது இருக்கும், கேர்ள்ஸ் பிளாக் ஒரு பக்கம் பாய்ஸ் பிளாக் ஒரு பக்கம், அஞ்சு நிமிசத்துல மாறணும். தீ பயிற்சி மணி அடிச்சா முப்பது பிள்ளைங்கள இறக்கிட்டு வரணும். இத வாய் விட்டு கேக்க கூச்சப்பட்டுக்கிட்டு கல்யாணம் ஆச்சான்னு கேக்காங்க. கேக்காததுக்கு அவங்களே ஒரு பதில வச்சுக்கிடுவாங்க, அந்த பதில் எப்பவும் "முடியாது"தான்.

நீ அந்த பதில முந்திக்கிட்டு குடு. பயோடேட்டால எழுதாத, அங்க எழுதினா படிக்கிறவன் ஒரு கிளார்க், தூக்கி ஓரமா வச்சிருவான். டெமோ முடிஞ்சு "அடுத்த ரவுண்டு"ன்னு மெயில் வரும் பாரு, அந்த மெயிலுக்கு பதில் போடும்போது நாலு வரி எழுது. காலிப்பரும் ஸ்டிக்கும் உபயோகிக்கிறேன், தொடர்ந்து இத்தனை பீரியட் நின்னு எடுப்பேன், கைப்பிடி இருந்தா ரெண்டு மாடி ஏறுவேன், பஸ் டியூட்டிக்கு பதிலா டைம்டேபிள் வேலையோ எக்ஸாம் வேலையோ முழுசா எடுத்துக்கிறேன். வருத்தம், மன்னிப்பு, தன்னம்பிக்கை இதெல்லாம் ஒரு சொல் கூட வேண்டாம். எழுத்துல இருந்தா பிறகு யாரும் மறைச்சுட்டான்னு சொல்ல முடியாது, வேண்டாம்னு நினைக்கிறவன் அங்கயே கழண்டுக்கிடுவான், உனக்கு எறணாகுளம் ரயில் செலவு மிச்சம்.

இங்க மாற்றுத்திறனாளி உரிமைக்கு 2006லயே 29ஆம் நம்பர் சட்டம்னு ஒண்ணு இருக்கு, 2017ல இருந்து அரசாங்கம் பேரையும் மாத்தி "பீப்பிள் ஆஃப் டிடர்மினேஷன்"னு சொல்லுது. மலையாளத்துல பின்னசேஷி, தமிழ்ல மாற்றுத்திறனாளி, இங்க இது. பேரு மூணு, ஆனா பிரைவேட் ஸ்கூல்ல முடிவு எடுக்கிறது ஒரே ஒரு பிரின்சிபால். துபாய்ல 2017ல இன்க்ளூசிவ் எஜுகேஷன்னு பாலிசி கொண்டு வந்தாங்க, அது பிள்ளைங்களுக்கானதுதான், இருந்தாலும் அதுக்குன்னு தனி டிபார்ட்மெண்ட் ஒழுங்கா நடத்துற ஸ்கூல்ல லிஃப்டும் ராம்ப்பும் இருக்கும், உன்ன பாத்து முழிக்கவும் மாட்டாங்க. அப்ளை பண்ண முன்ன வெப்சைட்ல அத பாரு.

மெடிக்கல்: யூஏஇக்கு இங்க வந்து இறங்கின பிறகுதான், ரத்தமும் நெஞ்சு எக்ஸ்ரேயும், அவங்களுக்கு பயம் டிபி, எச்ஐவி. சவுதி, குவைத்துன்னா ஊர்லயே வஃபித் சென்டர்ல, கல்ஃப் போறவங்களுக்கு மெடிக்கல் பாக்குற இடம், அங்க எடுக்கணும், முன்னாடி காம்கான்னு சொல்லுவோமே அதுதான், அதுல கை கால் எல்லாம் டாக்டர் பாத்து எழுதுற இடம் இருக்கு. அதனால அந்த நாடுன்னா ஸ்கூலுக்கு விசயம் தெரியும்னு மெயில்ல பதில் வாங்காம வேலைய ரிசைன் பண்ணிராத.

ஏஜெண்ட் விசயம், ரிஜிஸ்டர் பண்ணின ஏஜென்சி வாங்கலாம்னு சட்டம் சொல்றது 30,000 ரூபா, அதுக்கு மேல ஜிஎஸ்டி, அவ்வளவுதான். லைசென்ஸ் இருக்கான்னு இந்திய அரசாங்கத்தோட இமைக்ரேட் சைட்ல தேடினா தெரியும். உங்க கேரளாக்கு ஒடெபெக், தமிழ்நாட்டுக்கு ஓஎம்சிஎல், ரெண்டும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புற அரசாங்க கம்பெனி, ரெண்டுலயும் பதிஞ்சு வை.

மார்த்தாண்டம்_மாலத்தீவு:

நானும் கால்தான் டீச்சர். மாலத்தீவுல நாலு வருசம் கவர்மெண்ட் ஸ்கூல்ல இங்கிலீஷ் எடுத்தேன். நான் எதுவும் முன்கூட்டி சொல்லல, திருவனந்தபுரத்துல நேர் இண்டர்வியூ, நடந்து போனேன், பாத்தாங்க, எடுத்தாங்க. அவங்களுக்கு தீவு தீவா ஆள் வேணும், நம்மூர்லயிருந்தும் கேரளத்துலயிருந்தும் எத்தனையோ பேரு போயிருக்காங்க, அங்க ஸ்டாஃப் ரூம்ல மலையாளம் கேக்கலாம். ஷார்ஜா அக்கா சொல்ற மாதிரி மெயில் எழுதினா நல்லதுதான், எனக்கு அப்போ தோணல, அவ்வளவு வெவரம் இல்ல.

ஆனா யாரும் சொல்லாத ஒண்ணு சொல்லுதேன். ஸ்கூல்ல எனக்கு ஒரு பிரச்சனையும் இல்ல, கட்டடம் பெருசா உயரம் கிடையாது, தீவு மொத்தமும் கால்மணி நேரத்துல சுத்திரலாம். பிரச்சனை படகுதான். மாலே வந்து எறங்கினா அங்கயிருந்து தீவுக்கு தோணியோ ஸ்பீட் போட்டோ, அவங்களும் தோணின்னுதான் சொல்லுவாங்க. அலையில படகு ஏறி ஏறி இறங்கும், ஜெட்டிக்கும் படகுக்கும் நடுவுல ஒரு தாவு தாவணும், காலிப்பர் போட்ட கால் தாவாது. முதல் தடவ ரெண்டு பேரு என்ன மூட்ட மாதிரி தூக்கி உள்ள வச்சாங்க, என் மாணவன் ஒருத்தன் கரைல நின்னு பாத்துக்கிட்டு இருந்தான், அன்னைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கல. பிறகு பழகிட்டு, நானே படகுக்காரன்கிட்ட தோள குடுன்னு கேட்டு வாங்கிருவேன். ரோடு எல்லாம் பவளமணல், ஸ்டிக் புதையும். உப்புக்காத்துல காலிப்பர் இரும்பு ஆறே மாசத்துல துரு, தோல் வார் வெடிச்சுப் போவும், அங்க தைக்க ஆள் கிடையாது. ரெண்டு செட் வாரும் ஸ்டிக் அடியில போடுற ரப்பர் புஷ்ஷும் கட்டிக் கொண்டு போங்க. கல்ஃப்புக்கும்தான் சொல்லுதேன், வழவழன்னு டைல்ஸ் போட்டு வச்சிருப்பான், தேஞ்ச புஷ்ஷோட போனா நேரா தரைலதான்.

குடியாத்தம்_டு_லெஸ்டர்:

நான் சித்தூர் பார்டர்க்காரன், டீச்சரோட சித்தூர் இல்ல, ஆந்திரா சித்தூர் 😀 எனக்கு இடது கை முழங்கைக்கு கீழ கிடையாது, பிறவி. இங்கிலாந்துல கெமிஸ்ட்ரி எடுக்கறேன்.

நான் ஷார்ஜா அக்கா சொன்னதுக்கு நேர் எதிர் கட்சி. இங்க 2010 ஈக்வாலிட்டி ஆக்ட்ல 60வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, வேலை குடுக்கறேன்னு சொல்ற வரைக்கும் உடம்ப பத்தி பொதுவா கேக்கக் கூடாது. இண்டர்வியூக்கு உனக்கு ஏதாவது வசதி பண்ணணுமான்னு கேக்கலாம், வேலையோட அடிப்படைக்கே தேவைன்னா கேக்கலாம், அவ்ளோதான். பயோடேட்டால போட்டோவே வேணாம். நான் ஆஃபர் வந்த பிறகுதான் வாய தொறந்தேன், லேப்ல எனக்கு ஸ்டாண்டும் கிளாம்ப்பும் எப்டி வேணும்னு ஒரு பேப்பர்ல எழுதி குடுத்தேன், வாங்கி வச்சுட்டாங்க.

டீச்சர் உங்களுக்கு கணக்கு, அதான் நல்ல விசயம். 2023 பிப்ரவரில இருந்து இந்தியால படிச்ச கணக்கு, சயின்ஸ், லாங்வேஜ் டீச்சருங்க 11ல இருந்து 16 வயசு பிள்ளைங்களுக்கு எடுக்க தகுதி இருந்தா கியூடிஎஸ், அதான் இங்கிலாந்தோட டீச்சர் தகுதி, நேரா அப்ளை பண்ணலாம், அதுக்கு ஃபீஸ் கெடையாது. விசாவுக்கு டிபி டெஸ்ட்தான் கேக்கறாங்க, கால் கை யாரும் பாக்கல. ஆனா ஸ்பான்சர் பண்ற ஸ்கூல் கெடைக்கறது குதிரைக் கொம்பு, எனக்கு எழுபதுக்கு மேல அப்ளிகேஷன் போச்சு. ஆஸ்திரேலியா யோசிச்சா, அங்க ஊனமான்னு பாக்கறத விட உனக்கு வைத்தியத்துக்கு அரசாங்கம் எவ்ளோ செலவு பண்ணணும்னு பாப்பான், 2024 ஜூலைல இருந்து அஞ்சு வருசத்துக்கு 86,000 டாலர்னு கணக்கு. பழைய போலியோக்கு பெரிய வைத்தியச் செலவு ஒண்ணும் இல்ல, அத டாக்டர் லெட்டர்ல தெளிவா எழுதி வாங்குங்க.

செங்கோட்டை2ஷார்ஜா:

தம்பி, 60வது பிரிவு உனக்கு அங்க இருக்கு. எங்களுக்கு இங்க இருக்கிறது பிரின்சிபால் மூடு. அந்தந்த ஊருக்கு அந்தந்த வழி, சண்ட வேண்டாம்.

பாறை_கணக்கு_டீச்சர்:

அப்டேட் போடறேன்னு நெனச்சு ரெண்டு வாரம் ஓடிப்போச்சுங்க. அக்கா சொன்ன நாலு வரிய எழுதறதுக்கு எனக்கு ரெண்டு நாள் ஆச்சு, எழுதி எழுதி பாத்தா கடைசில "வாய்ப்பு குடுத்தா நிரூபிப்பேன்"ங்கற மாதிரியே வந்து நிக்குது, அத வெட்டறதுதான் பெரிய பாடு. எத்தனை பீரியட் நிக்க முடியும்னு எனக்கே தெரியல, வியாழக்கிழமை ஸ்கூல்ல எண்ணிப் பாத்தேன், நாலு. ஏழு வருசமா நான் எண்ணினதே இல்ல.

ரெண்டு ஸ்கூலுக்கும் அனுப்பினேன். ஒண்ணு கிணத்துல போட்ட கல்லு. இன்னொண்ணுல இருந்து ஒரு மேடம் போன் பண்ணி, ஒம்போது பத்து ரெண்டும் ரெண்டாவது மாடி, லிஃப்ட் இருக்கு ஆனா சாவி ஆபீஸ்ல இருக்கும், பரவால்லையான்னு கேட்டாங்க. சாவி ஒண்ணு என்கிட்டயே இருந்தா பரவால்லைங்க மேடம்னேன். சிரிச்சுட்டு, நேர்ல வர வேணாம், அட்டஸ்டேஷன் பண்ணின சர்டிபிகேட்ட ஸ்கேன் பண்ணி அனுப்புங்கன்னாங்க. பி.எட் கோயம்புத்தூர்ல முடிச்சது, அது சென்னைக்கு போகணும், மத்தது நோர்க்கால, வெளிநாட்டு மலையாளிகளுக்கான கேரள அரசாங்க ஆபீஸ்ல. அந்த அலைச்சல்ல இருக்கேன். இன்னும் ஆஃபர் வரல, ஆனா இந்த தடவ யாரும் "அறியிக்காம்" சொல்லல.

மார்த்தாண்டம் அண்ணா, அந்த ரப்பர் புஷ் என்ன சைஸ்னு கேட்டு வாங்கறது? பாலக்காட்டுல கடைக்காரர் மூணு விதம் எடுத்து வச்சு முழிக்கறாரு.

மார்த்தாண்டம்_மாலத்தீவு:

ஸ்டிக் குழாயோட வெளி விட்டத்த அளந்து பாருங்க, அதுதான் சைஸ். என்னோடது 19 எம்எம். உள்ள ஒரு இரும்பு வாஷர் இருக்கான்னு விரல விட்டு பாத்து வாங்குங்க, இல்லேன்னா குழாய் ரப்பர குத்தி வெளிய வந்துரும். ஆறு வாங்கிக்கிடுங்க.