டர்பன்: மனைவி பெயரில் உள்ள வட்டியை இருவர் கணக்கிலும் பிரிக்கலாமா?

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். 2021-இல் மதுரையில் கல்யாணம். அப்போது இருவருக்கும் நிரந்தர வாசம் இந்தியாதான். 2022-இல் வேலைக்காக இங்கே வந்தோம். கல்யாணத்துக்கு முன் சொத்து ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை.

சம்பளத்தில் குழப்பமில்லை, அவரவர் வரி அவரவருக்கு. சிக்கல் வட்டியில்தான். நகை விற்ற பணத்தை மனைவி இங்குள்ள வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டிருக்கிறார். ஆண்டு வட்டி 46,000 ராண்ட். 65 வயதுக்குட்பட்டவருக்கு உள்ளூர் வட்டியில் 23,800 ராண்ட் வரை வரி இல்லை. எங்களுடையது பொதுச் சொத்துத் திருமணம் (கணவன் மனைவி சொத்து இருவருக்கும் பொது) என்றால் வட்டி ஆளுக்கு 23,000 ஆகப் பிரியும், வரியே வராது. இல்லையென்றால் முழுதும் மனைவி கணக்கு. 22,200-க்கு வரி கட்டணும்.

போன வருஷம் ஈஃபைலிங்கில் (இணையவழி வரித் தாக்கலில்) ‘பொதுச் சொத்து’ என்று நான்தான் டிக் செய்தேன். அது தப்போ என்று இப்போது உறுத்துகிறது. குறைத்துக் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்க முடியவில்லை.

வங்கி தந்த ஐடி3(பி) என்ற வட்டிச் சான்றிதழில் மனைவி பெயர் மட்டும்தான். கணக்காளரைக் கேட்டேன்: “ஒப்பந்தம் இல்லையா, அப்போ பொதுச் சொத்துதான்.” இன்னொரு வக்கீலோ, கல்யாணத்தின்போது கணவர் எந்த நாட்டில் நிரந்தரமாக இருந்தாரோ அந்த நாட்டுச் சட்டம்தான் பொருந்தும், இந்தியாவில் தனித்தனிச் சொத்துதான் என்கிறார். வரித்துறை உதவி எண்ணில் இரண்டு முறை பேசியும் தெளிவு கிடைக்கவில்லை.

இந்தியாவில் கல்யாணம் செய்துவிட்டு இங்கே வந்தவர்கள் படிவத்தில் எதை டிக் செய்தீர்கள்?